துரை வீட்டுக் குழந்தைக்கு மூன்று வரி: பழைய பத்திரிகைகளின் காசு கட்டிய பக்கங்களில் மலையகம்

நூறு வருசத்துக்கு முந்தைய கொழும்பு ஆங்கிலப் பத்திரிகை ஒன்றை விரித்தால் முதல் பக்கத்தில் செய்தியைத் தேடிப் பயனில்லை. அங்கே இருப்பதெல்லாம் விளம்பரம். கப்பல் புறப்படும் நாள், ஏலம், விற்பனைக்கு ஒரு குதிரை, புதிதாக இறங்கிய விஸ்கி, அப்புறம் ஓர் ஓரத்தில் பொடி எழுத்தில் பிறப்பு, விவாகம், மரணம். செய்திகள் உள்ளே போய் உட்கார்ந்திருக்கும். அந்தக் காலத்தில் இது எங்கும் இருந்த வழக்கம். லண்டன் டைம்ஸ் 1966 வரைக்கும் முதல் பக்கத்தைச் சிறு விளம்பரங்களுக்கே கொடுத்திருந்தது.

இலங்கையின் தேயிலைத் தோட்ட மலைநாடான மலையகத்தின் வரலாறு தேடுகிற நாம் தலையங்கத்தையும் சட்டசபைச் செய்தியையும் படிக்கிறோம், ஓரத்தில் கிடக்கும் இந்தப் பொடி எழுத்தைத் தாண்டிப் போய்விடுகிறோம். எனக்கு அந்த ஓரம்தான் பெரிதாகப் படுகிறது. தலையங்கத்தை எழுதியவர் ஒருவர். இந்தப் பகுதியையோ மலைநாட்டில் காசும் எழுத்தும் கையில் இருந்தவர்கள் எல்லோரும் சேர்ந்து எழுதியிருக்கிறார்கள். யார் வீட்டில் பிள்ளை பிறந்தால் ஊருக்குச் சொல்ல வேண்டும், யாரை வாடிக்கையாளர் என்று மதித்துப் பேச வேண்டும், யாரைக் கணக்கில் ஓர் எண்ணாக எழுதினால் போதும் என்பதெல்லாம் அதில் ஒளிவுமறைவில்லாமல் பதிந்து கிடக்கிறது.

அன்றைக்கு மலைநாட்டுக்கு வந்த முக்கியமான பத்திரிகைகள் ஒப்சேவர், டைம்ஸ் ஒஃப் சிலோன், இன்டிபென்டன்ட். முதலாவது 1834இல் தொடங்கியது, அடுத்தது 1846இல், கடைசியாகச் சொன்னது 1888இல். டெய்லி நியூஸ் 1918இல்தான் வந்து சேர்ந்தது. எல்லாம் கொழும்பில் அச்சானவை, ஆனாலும் அவற்றை வாங்கிப் படித்தவர்களில் பெரும் பங்கு தோட்டத்துரைமார். ரயில் 1867இல் கண்டிக்கும், 1874இல் நாவலப்பிட்டிக்கும், 1884இல் அட்டனுக்கும், அடுத்த வருசம் நானுஓயாவுக்கும் ஏறியது. பதுளைக்குப் போக 1924 ஆகிவிட்டது. ரயில் ஏற ஏறப் பத்திரிகையும் ஏறியது. ஸ்டேசனிலோ தபால் கந்தோரிலோ வந்து இறங்கும் பத்திரிகைக் கட்டை, தோட்டத்திலிருந்து மைல் கணக்கில் நடந்து வந்து எடுத்துப் போனவர் தப்பால்காரர். அவரும் லயத்து ஆள்தான், தொழிலாளர் வரிசை வீட்டில் இருந்தவர். தன் வீட்டைப் பற்றி ஒரு சொல்கூட இல்லாத தாளை மழையில் நனையாமல் சுற்றி, பங்களா வாசல்படி வரை தினமும் கொண்டுபோய்ச் சேர்த்தார்.

குடும்ப அறிவித்தல்களுக்கு வருவோம். அதற்கு ஓர் அச்சு இருந்தது. தேதி, தோட்டத்தின் பெயர், டிம்புளை, டிக்கோயா, மஸ்கெலியா, புசல்லாவை, அப்புத்தளை என்று அந்தத் தோட்டம் சேர்ந்த பகுதி, அதன்பின் இன்னாருடைய மனைவிக்கு ஓர் ஆண் குழந்தை. அவ்வளவுதான். பெற்றவளின் பெயர் இராது, குழந்தையின் பெயரும் இராது. இரண்டு வரி, மிஞ்சிப்போனால் மூன்று வரி. கல்யாணமென்றால் தேவாலயத்தின் பெயரும், நடத்திவைத்த பாதிரியாரும், பெண்ணின் தகப்பனாரும், அவருடைய சீமை ஊரும் சேரும். மரணமென்றால் வயது சேரும், சிலவேளை நோயும் சேரும்.

இப்படி ஓர் அறிவித்தல் ஏன் தேவைப்பட்டது என்று கேட்டால், முதல் காரணம் தூரம். ஒரு பங்களாவுக்கும் அடுத்த பங்களாவுக்கும் நடுவில் ஒரு மலை நிற்கும். பக்கத்துத் தோட்டத்தில் பிள்ளை பிறந்த செய்தியே பத்திரிகை வந்த பிறகுதான் தெரியவரும். அதைவிடப் பெரிய தூரம் சீமைக்கு. மூன்று வாரமளவு கப்பல் பயணம். அதனால்தான் பல அறிவித்தல்களின் அடியில், இங்கிலாந்துப் பத்திரிகைகளும் ஸ்கொட்லாந்துப் பத்திரிகைகளும் இதை எடுத்துப் போடவும் என்று ஒரு வேண்டுகோள் இருக்கும். டிக்கோயாவில் பிறந்த பிள்ளையை அபர்டீனில் இருக்கும் பாட்டி அச்சில் பார்க்க வேண்டும் என்ற ஆசை அதில் தெரிகிறது. அந்த ஆசையை நான் குறைத்துப் பேச மாட்டேன். பிள்ளை பிறந்த சந்தோசமும், சின்ன வயதில் காய்ச்சலில் போனவனின் துக்கமும் யாருக்கும் ஒன்றுதான்.

இன்னொரு காரணம் மரியாதை. அந்தப் பத்தியில் பெயர் வருவது, இவர் நம் கூட்டத்தில் ஒருவர் என்பதற்கு அத்தாட்சி. கிளப்பில் உறுப்பினர், கண்டியில் 1854இல் உருவான தோட்டத்துரைமார் சங்கத்தில் ஆள், பத்திரிகையில் பெயர் என்று அது ஒரே சங்கிலி. 1914இல் சண்டை மூண்டு தோட்டத்துரைமாரின் துப்பாக்கிப் படையணி எகிப்துக்குக் கப்பலேறிய பிறகு மரணப் பத்தியின் முகமே மாறியது. அதுவரை தோட்டத்தின் பெயர் இருந்த இடத்தில் போர்க்களத்தின் பெயர் வரத் தொடங்கியது.

இந்த அறிவித்தல்களைக் கல்லறைகளோடு சேர்த்துப் படித்தால் நிறையத் தெரியும். இலங்கையில் ஐரோப்பியரின் கல்லறை எழுத்துகளை ஜே. பி. லூயிஸ் என்ற அரசாங்க அதிகாரி தொகுத்து 1913இலேயே அச்சில் கொண்டுவந்துவிட்டார். 1878இல் கட்டிய டிக்கோயா வார்லி தேவாலயத்தின் வளவில் இன்றைக்கும் அந்தக் கற்களைப் படிக்கலாம். பத்திரிகையில் ஒரு தரம், கல்லில் ஒரு தரம், நூலில் ஒரு தரம் என்று துரைமார் குடும்பங்கள் மூன்று இடத்தில் பதிவாகிவிட்டன.

இப்போது எண்ணிக்கையைப் பாருங்கள். 1911ஆம் ஆண்டுக் குடிசன மதிப்பீட்டில் நாடு முழுவதற்கும் சேர்த்தே ஐரோப்பியர் எட்டாயிரம் பேருக்குக் குறைவு. இந்தியத் தமிழர் என்று எழுதப்பட்டவர்கள் ஐந்து லட்சத்துக்கு மேல், அவர்களில் மிகப் பெரும்பாலோர் தோட்டங்களில் இருந்தார்கள். அந்த ஐந்து லட்சம் பேரின் வீடுகளில் தினம் தினம் பிள்ளை பிறந்தது, கல்யாணம் நடந்தது, சாவு விழுந்தது. அந்தப் பத்தியில் அதில் ஒன்றும் இல்லை. காசு கட்டினால்தானே போடுவார்கள் என்று சொல்லலாம். சரி, ஒரு நாள் முழுக்க மலையேறி வேலை செய்த ஆணுக்கு 33 சதமளவில் சம்பளம் கிடைத்த காலம் அது. பத்திரிகையின் மொழியோ ஆங்கிலம். ஆனால் அதே பத்திரிகையின் மற்றப் பத்திகளில் இந்த மக்கள் நிறையவே வருகிறார்கள். எப்படி வருகிறார்கள் என்பதில்தான் விசயம் இருக்கிறது.

விளம்பரங்களை எடுத்துக்கொள்வோம். கடைகளில் பெரிய பெயர் கார்கில்ஸ். 1844இல் தொடங்கிய வியாபாரம், கொழும்புக் கோட்டை யோர்க் வீதியில் இன்றும் நிற்கும் சிவப்புக் கட்டடத்தை 1906இல் திறந்தது. கண்டியிலும் நுவரெலியாவிலும் அதற்குக் கடை இருந்தது. அதன் விளம்பரங்களும் அதைப் போன்ற கடைகளின் விளம்பரங்களும் துரைக்கும் துரைசாணிக்கும் நேராகப் பேசும். சேணம், பூட்ஸ், மழைக்கோட்டு, டின்னில் அடைத்த பட்டர், பிஸ்கட், சீமைச் சாராயம், பியர்ஸ் சோப், பிள்ளைக்கு மெல்லின்ஸ் மாவு. வெளியூர் ஓடருக்கு உடனே கவனம் என்பது அநேகமாக எல்லாவற்றிலும் இருக்கும் ஒரு வரி. துரை ஒரு சிட்டு எழுதிக் கையெழுத்துப் போட்டால் போதும், சாமான் ரயிலில் ஏறிவிடும், பில் மாத முடிவில் வரும். இறைச்சியும் ரொட்டியும் மற்றச் சில்லறைச் சாமானும் எடுத்துவர டவுனுக்குத் தலையில் பெட்டியோடு போய்வர ஒரு ஆளே தோட்டத்தில் தனியாக இருந்தார். பீப் பெட்டிக்காரர் என்று அவருக்குப் பெயர்.

ஏப்ரல் மாதம் வந்தால் நுவரெலியா விளம்பரங்கள் பெருகும். ஆளுநரே மலைக்கு ஏறிவிடுவார். குதிரைப் பந்தயம், நடன விருந்து, ஹோட்டல் அறை, புதுப் பாணித் தொப்பி என்று பத்திரிகை களைகட்டும். இந்தப் பகுதியில் எனக்கு ஈடுபாடு குறைவு. நுவரெலியா வசந்த காலத்தைப் பற்றி ஏற்கெனவே போதுமான அளவு எழுதியாயிற்று.

நான் நின்று படிப்பது தோட்டச் சாமான் விளம்பரங்களை. கண்டியில் 1854இல் கோப்பிக்கால இயந்திரங்களோடு தொடங்கிய வோக்கர் கம்பனி, தேயிலை வந்த பிறகு தேயிலை இயந்திரங்களை விளம்பரம் செய்தது. பெல்ஃபாஸ்டில் செய்த சிரொக்கோ உலர்த்தி, ஜாக்சன் ரோலர் என்ற பெயர்களையெல்லாம் அங்கே காணலாம். பழைய பெக்டரிகளில் வேலை செய்தவர்களுக்கு இவை வீட்டுச் சாமான் மாதிரிப் பழகின பெயர்கள். 1897இல் சுவிஸ்காரர் அல்பிரட் பௌவர் தொடங்கிய உரக் கம்பனியும் அந்தப் பக்கங்களுக்குள் வந்தது. இந்த இரும்புக்கும் உரத்துக்கும் நடுவில், மண்வெட்டி, கவ்வாத்துக் கத்தி, தேயிலைப் பெட்டிக்கு ஈயத்தாள், அதே பட்டியலில் கம்பளி.

கம்பளி என்றால் மலையகத்தில் யாருக்கும் விளக்கத் தேவையில்லை. மழைக்கும் குளிருக்கும் கொழுந்து எடுக்கும்போதும் இரவில் படுக்கும்போதும் அதுதான். தோட்டம் மொத்தமாக வாங்கி ஆளுக்கொன்று கொடுக்கும். விலையைச் சம்பளத்தில் பிடிக்கும். அரிசியும் அப்படித்தான். ஆகக் கம்பளியைப் போர்த்துகிறவர் தொழிலாளி, அதற்குக் காசு கொடுக்கிறவரும் தொழிலாளி, ஆனால் விளம்பரம் பேசுவது துரையிடம். தரம் எது, விலை எது, எங்கே வாங்குவது என்று தீர்மானிக்கும் உரிமை கடைசி வரை போர்த்துகிறவர் கைக்கு வரவில்லை. வாடிக்கையாளராக ஆகாமலேயே கடன்காரராக மட்டும் ஆன நிலை இது. தோட்டப் பொருளாதாரத்தைப் பற்றி எத்தனையோ அறிக்கைகள் இருக்கலாம், எனக்கு இந்த ஒரு வரி விளம்பரம் அதைத் தெளிவாகக் காட்டுகிறது.

தோட்டம் விற்பனைக்கு என்ற விளம்பரம் இன்னும் ஒரு படி மேலே போகிறது. எத்தனை ஏக்கர், அதில் எத்தனை ஏக்கர் தேயிலை, பங்களா எப்படி, பெக்டரி எப்படி, ரயிலுக்கு எவ்வளவு தூரம், ஆட்படை எப்படி. ஆளுக்கு இவ்வளவு முற்பணம் கடன் நிற்கிறது என்ற கணக்கும் விற்பனையில் சேரும். ஆள் ஒரு தோட்டத்தை விட்டு இன்னொன்றுக்குப் போக வேண்டுமானால் துண்டு வேண்டும். இவருடைய கடனைக் கட்டினால் ஆளை விடுவேன் என்று பழைய துரை எழுதிக் கொடுக்கும் தாள் அது. 1921இல் சட்டம் போட்டு ஒழிக்கும் வரை துண்டு நடைமுறை ஓடியது. ஆள் தேவை விளம்பரங்களிலும் இதே உலகம்தான். ஆட்களோடு வரக்கூடிய கங்காணி, அதாவது ஆள் சேர்த்து வேலை வாங்குகிறவர், தேவை; தமிழ் பேசத் தெரிந்த சின்னதுரை, அதாவது துரைக்கு அடுத்த உதவியாளர், தேவை. நம் மொழி அங்கே வேலைக்கான தகுதி ஆகிறது. மொழிக்காரர்கள் எண்ணிக்கை ஆகிறார்கள்.

லிப்டனுடைய கதை இதற்குள் தனி. தோமஸ் லிப்டன் 1890இல் இலங்கைக்கு வந்தார், அப்புத்தளைப் பக்கம் தம்பேதன்ன முதலிய தோட்டங்களை வாங்கினார். தோட்டத்திலிருந்து நேரே தேநீர்க் கேத்தலுக்கு என்பது அவருடைய விளம்பர வாசகம். அந்த விளம்பரங்களில் லண்டன் படப் பத்திரிகைகள் முழுவதும் போன முகம் கொழுந்து எடுக்கும் தமிழ்ப் பெண்ணின் முகம். இலங்கைத் தேயிலையை வெளிநாட்டில் விளம்பரம் செய்ய 1890களிலேயே ஏற்றுமதித் தேயிலை மீது ஒரு வரி போட்டார்கள், 1932இல் அதற்கென்று ஒரு சபையே வந்தது. இந்த எல்லாக் காலத்திலும் அந்தப் பெண்ணின் உருவம் பெட்டியிலும் தாளிலும் சுவரிலும் உலகம் சுற்றியது. அவளுக்குப் பிள்ளை பிறந்தபோது சொல்ல ஒரு வரி கிடையாது. இதைப் படிக்கிற ஒவ்வொரு தடவையும் எனக்கு மனம் பொறுப்பதில்லை.

சரி, லயத்தில் பிறப்பும் சாவும் எப்படித்தான் அறிவிக்கப்பட்டன? சாவு விழுந்தால் தப்பு மேளம் முழங்கும். அந்த அடியைக் கேட்டே அடுத்த டிவிசனில் இது கேதம் என்று தெரிந்துகொள்வார்கள். பக்கத்துத் தோட்டங்களுக்கு ஆள் போய்ச் சொல்லும். திருச்சி, சேலம், புதுக்கோட்டைப் பக்கத்துச் சொந்த ஊருக்குக் கடுதாசி போகும். எழுதத் தெரிந்த கணக்கப்பிள்ளையோ வாத்தியாரோ எழுதிக் கொடுப்பார்கள். 1914இல் தலைமன்னாருக்கும் தனுஷ்கோடிக்கும் நடுவே ரயிலும் கப்பலும் இணைந்த பிறகு கடுதாசியும் ஆளும் முன்னைவிடச் சீக்கிரம் போய்வர முடிந்தது. எழுத்தில் இவர்கள் பதிவான இடம் செக்ரோல், அதாவது தோட்டத்தின் ஆட்பெயர், சம்பளக் கணக்குப் புத்தகம். தோட்டத்தில் நடக்கும் பிறப்பையும் இறப்பையும் பதிவாளருக்குத் தெரிவிக்கும் பொறுப்பும் துரையிடம்தான் இருந்தது. துரையின் கிளாக்கர் காதில் எப்படி விழுந்ததோ அப்படிப் பெயர் எழுதப்பட்டது.

தமிழ்ப் பத்திரிகை இல்லாத நாடு அல்ல இது. யாழ்ப்பாணத்தில் உதயதாரகை 1841இலேயே வந்துவிட்டது. கண்டி வழக்கறிஞர் சித்திலெவ்வை 1882இல் முஸ்லிம் நேசனைத் தொடங்கினார். ஆனால் தோட்டத்து மக்களை நினைத்து எழுதிய பத்திரிகைக்கு 1920கள் வரை காத்திருக்க வேண்டியிருந்தது. தஞ்சாவூர்க்காரரான கோ. நடேசய்யர் தேசநேசனிலும் பிறகு தேசபக்தனிலும் அதைச் செய்தார். புடவை வியாபாரி வேடத்தில் தோட்டங்களுக்குள் நுழைந்து நிலைமையைக் கண்டுவந்தவர் அவர். அந்த வேடம் ஏன் பலித்தது என்பதையும் யோசிக்க வேண்டும். துரையின் அனுமதி இல்லாமல் யாரும் உள்ளே போக முடியாத இடத்தில், தலைச்சுமையாகப் புடவை கொண்டுபோகிற வியாபாரிக்கு மட்டும் லயம் வரை வழி திறந்திருந்தது. லயத்தைப் பொறுத்தவரை கடை விளம்பரம் என்பது அந்த ஆளின் குரல்தான்.

1930 ஆகஸ்ட் 6ஆம் தேதி வீரகேசரி வந்தது. தொடங்கியவர் ஆவணிப்பட்டியைச் சேர்ந்த பெ. பெரி. சுப்பிரமணியம் செட்டியார். 1932இல் தினகரன் வந்தது. அதன்பின் தமிழில் ஒரு முழு விளம்பர உலகம் திறந்தது. கொழும்புச் செட்டியார் தெரு நகைக்கடை, புடவைக்கடை, மருந்து, பஞ்சாங்கம். நுவரெலியாவின் ஏப்ரலுக்குப் பதிலாகத் தீபாவளி கடைகளின் காலமானது. தோட்டத்தில் கொடுத்த முற்பணம் டவுன் புடவைக்கடைக்கு வரும் மாதம் அது. 1931இல் எல்லோருக்கும் வாக்குரிமை வந்த பிறகு, வாக்குக் கேட்கிறவர்களும் துணி விற்கிறவர்களும் ஒரே மக்களை நோக்கிப் பேசத் தொடங்கினார்கள். தோட்டத்து ஆளைத் தாங்கள் என்று மரியாதையாக விளித்துப் பேசிய முதல் அச்சு எழுத்துகளில் கடை விளம்பரத்துக்கும் இடமுண்டு என்று நான் நினைக்கிறேன். சோப் விற்கத்தான் அந்த மரியாதை, இருந்தாலும் துண்டில் அது இருந்ததில்லை.

குடும்ப அறிவித்தல் மெதுவாகத்தான் கீழே இறங்கியது. முதலில் காசு கட்டக்கூடியவர்கள் கடை முதலாளிமாரும் பெரிய கங்காணிமாரும்தான். இன்றைக்கு நாம் படிக்கிற மரண அறிவித்தலின் வடிவத்தை அந்த ஆங்கிலப் பத்தியோடு ஒப்பிட்டுப் பாருங்கள். அங்கே பிள்ளை பெற்றவளுக்கே பெயரில்லை. இங்கே காலஞ்சென்றவரின் புதல்வியும், இன்னாரின் அன்பு மனைவியும், இன்னாரின் தாயாரும், மாமியாரும், சகோதரியும், பேர்த்தியின் பாசமிகு அம்மாயியும் என்று உறவு முழுவதும் பெயர் சொல்லி நிற்கும். தோட்டமும் டிவிசனும் நல்லடக்கம் நடக்கும் நேரமும் வரும். இதையே இலங்கை வானொலி வாசித்தபோது காசு கொடுத்துப் பத்திரிகை வாங்காதவர் காதிலும் அது விழுந்தது. தப்பு மேளம் செய்த வேலையை வானொலி எடுத்துக்கொண்டது.

பதிவில்லாமல் போன அந்தப் பழைய வருசங்களுக்கு விலை கொடுத்தது 1948க்குப் பிறகு. அந்த வருசத்துப் பிரஜாவுரிமைச் சட்டம் தகப்பன், பாட்டன் இங்கே பிறந்ததற்கு அத்தாட்சி கேட்டது. 1949ஆம் ஆண்டு இந்திய பாகிஸ்தானியர் சட்டத்தின்கீழ் விண்ணப்பித்தவர்கள், கலியாணம் முடித்தவரானால் 1939 தொடக்கத்திலிருந்தும், முடிக்காதவரானால் 1936 தொடக்கத்திலிருந்தும் இங்கே வசித்ததைக் காட்ட வேண்டும். மூன்று தலைமுறையாக அதே மலையில் இருந்த குடும்பங்கள் செக்ரோலையும் பள்ளிக்கூட இடாப்பையும் தேடி அலைந்தன. பெயரை ஒரு தாளில் ஒருவிதமாகவும் இன்னொன்றில் வேறுவிதமாகவும் எழுதியிருந்தது எத்தனையோ பேருக்குத் தடையாக வந்தது. சீமைக்குப் போய்விட்ட துரை வீட்டுப் பிள்ளையின் பிறப்போ தேதியோடும் தோட்டப் பெயரோடும் அச்சில் பத்திரமாக இருந்தது.

தங்கள் குடும்பத்தின் தடத்தைத் தேடுகிறவர்களுக்கு இந்தப் பக்கங்கள் வேறு ஒரு விதத்தில் உதவும். தோட்டம் விற்பனை விளம்பரங்கள், ஒரு தோட்டம் எந்த வருசம் கை மாறியது, எந்தக் கம்பனிக்குப் போனது, எப்போது இரண்டு தோட்டம் ஒன்றானது என்பதைத் தருகின்றன. பெர்குசன் டைரக்டரி என்ற பழைய விபரக் கைநூலில் தோட்டவாரியாக முதலாளி, துரை, ஏக்கர் விபரம் இருக்கிறது. இரண்டையும் சேர்த்தால் பழைய செக்ரோல் எந்தக் கந்தோருக்குப் போயிருக்கும் என்று ஊகிக்க வழி கிடைக்கும். ஆங்கிலப் பத்திரிகைகளின் பழைய கட்டுகளைக் கொழும்பில் தேசிய சுவடிகள் திணைக்களத்தில் பார்க்கலாம், தமிழ்ப் பத்திரிகைகள் பலவற்றை நூலகம் இணையத் தளத்தில் வீட்டிலிருந்தே படிக்கலாம். அதோடு வீட்டு டிரங்குப் பெட்டியையும் ஒரு முறை கொட்டிப் பாருங்கள். பழைய கடைப் பில், மணியோடர் துண்டு, தீபாவளிப் புடவைக்கடை நோட்டீஸ், இந்தியாவிலிருந்து வந்த தபால் அட்டை என்று எது கிடைத்தாலும், அதில் தேதியும் தோட்டப் பெயரும் இருந்தால் படமெடுத்து வையுங்கள். அந்த அட்டையில் விலாசம் எழுதியவர் தோட்டத்தை எந்தப் பெயரால் எழுதினார் என்பதையும் குறித்துக்கொள்ளுங்கள். டைரக்டரியில் தேடும்போது அந்தப் பெயர் கட்டாயம் வேண்டிவரும்.